உப்புவெளியில் எங்கே தங்குவது?

வீட்டைப் பார்க்குமுன் அயலவரைப் பார், வழி புறப்படுமுன் துணையைப் பார் என்று அரபிகள் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் குடியிருக்கப் போகும் வீட்டுக்காகச் சொன்ன வார்த்தை இது. இரண்டு இரவு தங்கப் போகும் விடுதி அறைக்கும் இது பொருந்தும் என்பதைக் குடும்பத்தோடு பயணம் போய் வந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கிண்ணியாவில் இருக்கும் எம் போன்றோருக்குப் பாடசாலை விடுமுறை தொடங்கியதும் வெளியூர் உறவினரிடமிருந்தும் பழைய மாணவர்களிடமிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "மௌலவி, வெள்ளி இரவு புறப்பட்டு ஞாயிறு திரும்பப் போகிறோம். உப்புவெளியில் நல்ல ஹோட்டல் ஒன்று சொல்லுங்கள்" என்பார்கள். "யார் யார் வருகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் ஒரு கணம் யோசிப்பார். கடல் தெரியும் அறையா, வாடகை எவ்வளவு, நீச்சல் தடாகம் உண்டா என்பதையெல்லாம் கைபேசியில் பார்த்து வைத்திருப்பவர், தம்முடன் வருபவர்களை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். பிறகுதான், "உம்மாவும் வாறாங்க. முழங்கால் வலி. சின்னவனுக்கு மூன்று வயது" என்று ஒவ்வொன்றாக வரும்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும் வேலை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

(நமது நாட்டில் தேநீரும் கொத்து ரொட்டியும் விற்கும் கடைக்கும் ஹோட்டல் என்றுதான் பெயர். குழப்பம் வராதிருக்கத் தங்குமிடத்தை இங்கே விடுதி என்றே எழுதுகிறேன்.)

மூன்று இடங்கள், மூன்று தூரங்கள்

திருகோணமலைக்கு வருகிறவர் தங்குவதற்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, நகரம். பஸ் நிலையம், சந்தை, கடைத்தெரு, கோட்டை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தரிடம் போய், 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை இது. பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரை 1803இல் பெற்றது. அதனுள்ளே புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் திரிவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். கோட்டைக்கு அப்பால், கடலில் செங்குத்தாக இறங்கும் பாறையின் மேல் இந்துக்களின் புகழ்பெற்ற கோணேசர் கோயில் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயும் கடற்கரை உண்டு. உள்ளூர்க் குடும்பங்கள் மாலையில் கூடும் இடம் அது.

இரண்டாவது, உப்புவெளி. நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதியில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். மூன்றாவது, அதே வீதியில் இன்னும் போனால் வரும் நிலாவெளி. நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அதற்கும் வடக்கே குச்சவெளி. வெளி வெளியாகவே பெயர் தொடரும் நீண்ட மணற்கரை இது. புல்மோட்டை வரை போகும் பஸ்கள் இந்த வீதியால்தான் ஓடுகின்றன.

தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கோ, கோட்டை பார்க்கவோ, மருந்து வாங்கவோ இரண்டு முறை நகரத்துக்குப் போய் வர நேர்ந்தால், உப்புவெளியில் தங்கியவர் ஓடுவது 24 கிலோமீட்டர். நிலாவெளியில் தங்கியவர் ஓடுவது 60 கிலோமீட்டர். அறை வாடகையில் மிச்சம் பிடித்த பணம் முச்சக்கர வண்டிக்குப் போய்விடும். இருக்கிற ஒன்றரை நாளில் பாதி, வீதியில் கழியும்.

அதற்காக நிலாவெளியைக் குறை சொல்லவில்லை. புறாத்தீவைப் பார்ப்பதே நோக்கமாக வருபவருக்கு அதுதான் சரியான இடம். கரையிலிருந்து சுமார் 1 கிலோமீட்டரில் இருக்கும் அத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. படகுகள் நிலாவெளியிலிருந்து போகின்றன. ஆழமற்ற நீரில் பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் காணலாம். (பவளப்பாறை உயிருள்ளது. அதன்மேல் கால் ஊன்றக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் படகில் ஏறுமுன்பே சொல்லி வையுங்கள்.) அமைதியை மட்டும் நாடி வரும் இளந்தம்பதியருக்கும் நிலாவெளி ஏற்றது.

ஆனால் தாய், மனைவி, சிறு பிள்ளைகள் என்று கலந்து வரும் குடும்பத்துக்கு உப்புவெளி நடுநிலையான இடம். கடலும் காலடியில், நகரமும் கைக்கெட்டும் தூரத்தில். ஏழு கிணறுகள் கொண்ட கன்னியா வெந்நீரூற்றும் இங்கிருந்து தொலைவில்லை. அது திறந்த வெளி என்பதால் பெண்கள் அங்கே குளிப்பதற்கு மறைவு குறைவு. இந்துக்கள் புனிதமாகக் கருதும் இடம் என்பதையும் மனதில் வைத்து, கூட்டம் சேருமுன் அதிகாலையிலேயே போய்ப் பார்த்து வருவது நல்லது.

"கடற்கரைக்கு ஐந்து நிமிடம்"

உப்புவெளிக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கிச் சிறு ஒழுங்கைகள் இறங்குகின்றன. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு இந்த ஒழுங்கைகளிலும் அலஸ் தோட்டம் பக்கத்திலும் சிறிய விருந்தினர் விடுதிகள் பல எழுந்தன. சில கடலை ஒட்டி நிற்கின்றன. சில ஒழுங்கையின் நடுவில். வேறு சில வீதியின் மறுபக்கம். விளம்பரத்தில் எல்லாமே "உப்புவெளிக் கடற்கரை" என்றுதான் இருக்கும்.

நான் அறிந்த ஒரு குடும்பம் "கடற்கரைக்கு ஐந்து நிமிடம்" என்ற வரியை நம்பி முற்பணம் அனுப்பியது. வந்து பார்த்தால், ஐந்து நிமிடம் என்பது வாகனத்தில். நடந்தால் வெயிலில் சுடும் மணல் பாதை. அந்தப் பயணமே வீட்டிலிருந்த முதிய தாய்க்காகப் போட்ட பயணம். வாழ்நாளெல்லாம் மலைநாட்டில் இருந்தவர், கடலைக் கண் நிறையப் பார்க்க ஆசைப்பட்டார். இரண்டு நாளில் ஒரே ஒருமுறை, திரும்பும் நாள் காலையில், வண்டி வைத்து அழைத்துப் போய்க் காட்டினார்கள். மற்ற நேரமெல்லாம் அவர் அறையில் மின்விசிறிக்குக் கீழே தஸ்பீஹ் மணியோடு அமர்ந்திருந்தார். "எனக்கென்ன மகன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். அந்தச் சொல்லை நம்பிவிடக் கூடாது.

உத்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களைத் தம் மக்களுக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரைக் கவனித்துத் தொழுவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் உண்டு. குடும்பத்தை அழைத்துக்கொண்டு போகிறவரும் ஒரு வகையில் இமாம்தான். விடுதியின் தூரத்தை அவர் தம் காலால் அளக்கக் கூடாது, தாயின் காலால் அளக்க வேண்டும். தாயால் நடந்துபோய்க் கடலோரம் அமர முடிந்தால், மூன்று வயதுப் பிள்ளையை உச்சி வெயிலில் தூக்கிச் சுமக்காமல் அறைக்குத் திரும்ப முடிந்தால், அதுவே நல்ல இடத்தில் அமைந்த விடுதி. அது கட்டிய கட்டடத்தின் அழகு பிறகு வரும் விடயம்.

சமையலறையிலிருந்து விடுதலை

இன்னொருவரும் இருக்கிறார். வீட்டில் மூன்று வேளையும் சமைப்பவர். ஹலால் உணவு கிடைக்காது என்ற பயத்தில் காஸ் அடுப்பு, அரிசி, சட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சகோதரிக்கு உப்புவெளியும் வீடும் ஒன்றுதான். அடுப்புக்குப் பக்கத்தில் கடல் சத்தம் கேட்கும், அவ்வளவே.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள். நகரில் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. உப்புவெளியின் கரையோர விடுதிகளோ பல நாட்டவரையும் எதிர்பார்த்து நடத்தப்படுபவை. பலவற்றில் மதுவும் பரிமாறப்படும். ஆகவே விடுதியில் காலையுணவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரு வேளையையும் நகரத்தில் முடிப்பது பலருக்கு வசதி. அதற்கு நகரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் இங்கும் தூரமே பேசுகிறது.

தொழுகைக்கு ஏற்ற இடம்

கொழும்பிலிருந்து இங்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இரண்டு இரவு மட்டும் தங்கும் அவ்வூரார் ஷாபிஈ மத்ஹபின்படி கஸ்ராகவும் ஜம்ஆகவும் தொழலாம். ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு வெயில் தாழ்ந்ததும் கடலுக்குப் போவது எளிது. எங்களைப் போல் கிண்ணியாவிலிருந்து வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கிப்லாவைக் கண்டுபிடிக்க இங்கே அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கடல் கிழக்கே இருக்கிறது. கடலுக்கு முதுகு கொடுத்து நின்று, வலப்புறமாகச் சற்றுத் திரும்புங்கள். சரியாகச் சொன்னால், மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 22 பாகை. எவ்வளவு அழகான கடல் தெரியும் அறையானாலும் தொழுகையில் அந்தக் காட்சி நமக்குப் பின்னால்தான் இருக்கும். ஸுபஹ் முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால், சற்று நேரத்தில் கடலிலிருந்து சூரியன் எழுவதைக் குடும்பத்தோடு பார்க்கலாம்.

காலமும் கடலும்

வைகாசி முதல் புரட்டாசி வரை, கச்சான் காற்றுக் காலத்தில், இந்தக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஐப்பசியின் பின் வாடை தொடங்கிவிட்டால் மழையும் அலையும் கூடும். அப்போது வாடகை குறைவாகக் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளைக் கடலில் இறக்க முடியாது. அந்தக் காலத்தில் வருபவர் நகரத்திலேயே தங்குவது புத்தி. போயா தினம் சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளில் நாடே இங்கு திரளும். அறை கிடைப்பதும் கடினம், வாடகையும் ஏறும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரையில் கடல் என்ன செய்தது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அறைக்குள் பெட்டியை வைத்ததும், கடலிலிருந்து விலகி உள்நாட்டுப் பக்கம் போகும் வழி எது என்று விடுதியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

முற்பணம் அனுப்புமுன் கேட்க வேண்டியவை

1. விடுதி வாசலிலிருந்து கடற்கரைக்கு நடந்து எத்தனை நிமிடம்? இடையில் பெரிய வீதியைக் கடக்க வேண்டுமா?

2. கீழ்மாடியில் அறை உண்டா? கழிப்பறை எந்த வகை? முழங்கால் வலி உள்ளவருக்கு இது முதல் கேள்வி.

3. அதிகாலையில் வந்து சேர்ந்தால் அறை தருவார்களா? இரவுப் பயணம் செய்து விடியற்காலை இறங்குபவருக்குப் பல விடுதிகளில் நண்பகலுக்குப் பிறகே அறை கிடைக்கும். அதுவரை உம்மா எங்கே இருப்பார்?

4. மதுக்கூடமோ இரவில் இசை நடக்கும் இடமோ அறைக்கு அருகில் உள்ளதா? கடலை ஒட்டிய விடுதிகளில் பருவ காலத்து வார இறுதியில் இது முக்கியம்.

5. மிக அருகிலுள்ள பள்ளிவாசல் எது? பெண்கள் தொழ வசதி உண்டா?

6. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்ற விடுதியா? பயணம் தடைப்பட்டால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் சிறிய விடுதி, படத்தில் பளபளக்கும் பெரிய விடுதியைவிடக் குடும்பத்துக்கு நல்லது.

கடைசியாக அயலவர்

உப்புவெளியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தொழில் செய்கிறார்கள். மீனவர்கள் வலை இழுக்கும் கரையில்தான் நாம் காற்று வாங்குகிறோம். நிலாவெளி வீதியோரம், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் அடக்கத்தலம் ஒன்று நன்கு பராமரிக்கப்பட்டு வருகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. கடல் பார்க்க வந்த பிள்ளைகளை அங்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கற்களில் பொறித்த வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் பெரியவர்களுக்கே மனம் கனக்கும். ஊரைத் தெரிந்துகொண்டு திரும்பினால்தான் பயணம் பயணமாகும்.

ஓர் இடத்தில் இறங்கித் தங்குபவர் ஓத வேண்டிய துஆவை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அறைக்கதவைத் திறந்ததும் குடும்பத்தோடு அதை ஓதிக்கொள்ளுங்கள். பிறகு சன்னலைத் திறந்து, உம்மாவுக்கு ஒரு நாற்காலியைக் கடல் பக்கமாகப் போட்டுக் கொடுங்கள்.