சிவந்த வானமும் நம் கரையும்

வானம் சிவந்தால் நாட்டுக்குக் கேடு என்பது மிகப் பழைய நம்பிக்கை. 2024ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி இரவு, லடாக்கின் ஹான்லே வானாய்வு நிலையத்தில் வானம் செந்நிறமாய்ப் பதிவாயிற்று. அந்தப் படம் கைத்தொலைபேசி வழியே நம் புத்தளக் கரைக்கும் வந்தது. கூடவே, அழிவு நெருங்குகிறது என்ற செய்தியும் வந்தது.

உண்மையில் நடந்தது என்ன? புத்தளத்து உப்பளங்களில் நீரை வற்றவைக்கும் அதே கதிரவன், இலத்திரன்களையும் புரோத்தன்களையும் இடையறாது வீசிக்கொண்டிருக்கிறது. அவ்வாரம் கதிரவனில் நிகழ்ந்த பெருவெடிப்புகள் அவ்வீச்சைப் புயலாக்கின. பூமியின் காந்தப்புலம் கலங்கும்போது, இலத்திரன்கள் புலக்கோடுகளின் வழியே துருவப் பகுதிகளின் வளிமண்டலத்துட் பாய்ந்து அணுக்களை மோதுகின்றன. மோதலிற் பெற்ற சக்தியை அணுக்கள் ஒளியாகத் திருப்பித் தருகின்றன. அதுவே துருவ ஒளி.

100 முதல் 200 கிலோமீற்றர் வரையான உயரத்தில் ஒட்சிசன் பச்சையாய் ஒளிரும். அதற்கும் மேலே அதே ஒட்சிசன் சிவப்பாகும். சிவப்பொளியை வெளிவிட அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். காற்று அடர்ந்த கீழ்ப்பகுதியிலோ, அதற்குள் வேறொரு துகள் மோதி அச்சக்தியைப் பறித்துவிடும். ஆகவே சிவப்பு, நெரிசலற்ற உயரத்துக்கே உரியது. கீழ் விளிம்பில் நைதரசன் நீலமும் ஊதாவும் தரும்.

தொலைவில் உள்ளோர் சிவப்பை மட்டும் காண்பதேன்? உடப்புக் கரையில் நிற்பவர்க்கு இது விளங்கும். கடலில் அகன்று செல்லும் வள்ளத்தின் உடல் முதலில் மறையும். கொடிக்கம்பின் நுனியே இறுதிவரை தெரியும். அவ்வாறே பச்சை அடிவானத்தின் கீழ் மறைய, உயரத்துச் சிவப்பு மட்டும் எஞ்சுகிறது. நமக்கோ நுனியும் தெரிவதில்லை. நாம் காந்த மத்திய கோட்டுக்கு அண்மையில் வாழ்கிறோம். இங்கே புலக்கோடுகள் தரைக்கு ஏறத்தாழச் சமாந்தரமாக ஓடுவதால், அவை துகள்களை நம் தலைக்கு மேல் இறக்குவதில்லை.

இவ்வறிவு யாரைச் சென்றடைந்தது? நம் மாணவி ஒருத்தியின் பாட்டி, அப்படத்தைப் பார்த்து அஞ்சி, தம் மகனைக் கடலுக்குப் போகவிடாமல் மறித்துவிட்டார். அன்றாடம் உழைத்து உண்ணும் அவ்வீட்டில் ஒரு நாட் பிழைப்பு போயிற்று. அம்மூதாட்டியை நகைக்க நமக்கு உரிமையில்லை. பொய் எளிய தமிழில் அவர் வாசலுக்கு வந்தது, உண்மை வரவில்லை.

இத்தகைய புயலால் தீங்கே இல்லை என்றும் நாம் சொல்லோம். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். இன்று வள்ளங்களில் வழிகாட்டும் ஜீ.பி.எஸ். கருவியும் அவ்வேளைகளில் இடத்தைப் பிழையாகக் காட்டக்கூடும். கடலோடிக்கு வேண்டிய எச்சரிக்கை அதுவன்றோ!

ஆசிரியர்களே, மாணவர்களே! பரீட்சைத் தாளோடு முடிந்துபோகும் விஞ்ஞானத்தால் மக்களுக்குப் பயனில்லை. வலை உலர்த்தும் இடத்திலும் உப்பு அள்ளும் இடத்திலும் அதைப் பேசுவோம். அங்குள்ளோர் கேட்கும் கேள்விகளுக்கு, அவர்கள் மொழியிலேயே விடை சொல்வோம்.