டொக்டரும் அவற்ற மனிசியும்

1820 இல் பண்டத்தரிப்புக்கு ஒரு டொக்டர் வந்தார். ஜோன் ஸ்கடர். நியூயோர்க்கில் நல்லா ஓடிக்கொண்டிருந்த வைத்தியத்தை விட்டிட்டு, மனைவி ஹரியட்டோட அமெரிக்க மிஷனுக்காகக் கப்பலேறினவர். வரும் வழியில், கல்கத்தாவில், மூத்த பிள்ளை செத்துப்போச்சு. அதுக்குப் பிறகும் அவை திரும்பிப் போகேல்லை.

மருந்தையும் வேதத்தையும் ஒண்டாக் குடுத்தது எனக்கு இண்டைக்கும் உறுத்துது. நோயாளியால, 'மருந்து மட்டும் தாங்கோ' எண்டு கேட்டிருக்க ஏலுமோ? ஆனா 1836 இல் மெட்ராசுக்குப் போகுமட்டும் யாழ்ப்பாணத்திலதான் வைத்தியம் பார்த்தார். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா இவற்ற பேத்தி (இது கன பேருக்குத் தெரியாது).

ஹரியட் 1849 இல் மெட்ராசிலேயே காலமானா. நான் கேட்ட ஊர்க் கதைகளில அவவுக்கு 'டொக்டரின்ர மனைவி' எண்ட இடம்தான். பிள்ளையைப் புதைச்சிட்டு இஞ்ச வந்து இறங்கின அண்டைக்கு அவ என்ன நினைச்சிருப்பா?