600 கிராம்

மெஷின் 55.6 காட்டியது. காலை ஆறு மணி. சப்-ஜூனியர் மாவட்டக் கபடி அணித் தேர்வுக்கு எட்டு மணிக்கு எடை பார்ப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் ஒரு சொட்டு கூடினாலும் பையன் வெளியே. பனியனைக் கழற்றச் சொன்னேன். அரைஞாண் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவனும் குனிந்து பார்த்தான். "இது வேணாம் சார், அம்மா கட்டுனது" என்றான். சரியென்று விட்டுவிட்டு, என் மழைக்கோட்டை அவனுக்கு மாட்டி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். சித்திரை மாதம், ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். ஓடி முடித்தவன் வாயில் கொட்டைப்பாக்கு அளவு புளியை அடக்கச் சொன்னேன். எச்சில் ஊற ஊறத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பி.பி.எட். பாடத்தில் இது கிடையாது. ஒரு வாத்தியார் செய்வதைப் பார்த்து இன்னொரு வாத்தியார் கற்றுக்கொள்கிற கைவைத்தியம். எட்டு மணிக்கு மெஷின் 54.9 காட்டியது. முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

பத்தரைக்கு ஆட்டம். மூன்றாவது ரைடில் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டியவன் நீட்டியபடியே உட்கார்ந்துவிட்டான். கெண்டைக்கால் இரண்டும் கட்டையாகிப் போயிருந்தன. பிடிக்க வந்த பையன்களே கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். கண் செருகியது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது டாக்டர் கேட்டார்: "கடைசியா எப்பத் தம்பி தண்ணி குடிச்ச?" அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஞாபகமில்லைங்க" என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அவன் கையிலிருந்த சொம்பை வாங்கி வைத்தவன் நான்தான்.

55 கிலோ உடம்பில் 2 சதவீதம் என்றால் 1.1 கிலோ. அதற்கு மேல் தண்ணீர் போனால் கால் தளரும், நிதானம் தப்பும் என்று உடற்கல்வி படித்த எவனுக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அவன் 56.4 இருந்தான். ஒரே இரவில் ஒன்றரைக் கிலோவை இறக்கியிருக்கிறேன். தெரியாமல் செய்ததில்லை.

யாராவது என் கழுத்தில் கத்தி வைத்தார்களா? இல்லை. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு பையனின் அப்பா சைக்கிளில் வந்து, திண்ணையில் ஒரு மூட்டை பொன்னி அரிசியை இறக்கிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் நகை அடகுக்குப் போகும். அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மனிதரை அவமதித்ததாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரிசி நன்றாகத்தான் இருந்தது.

சம்பா அறுத்து, உளுந்தும் பிடுங்கியபின் காய்ந்த வயலில் கோடு கிழித்து ஆடிய ஆட்டம் இது. இப்போது ஒரு காகிதத்துக்காக ஆடுகிறார்கள். பாரம்-2 என்பார்கள், மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவனுக்குச் சங்கம் தருவது. பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் பாரம்-4. அந்தத் தாள் கையில் இருந்தால் ரயில்வேக்குப் போடலாம், வருமான வரித் துறைக்குப் போடலாம். மாநில அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடம், மருத்துவத்தில் 7 இடம். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் முதலிடம் வரும் கபடி அணியில் ஆளுக்கு 75,000 ரூபாய். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் எங்கள் பக்கத்து வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தார். அவருக்கும், பெண்கள் அணியில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. நியாயமான பரிசு, மறுப்பே இல்லை. ஆனால் மறுநாள் காலை மைதானத்துக்கு வந்த அப்பாக்களின் கண்ணில் பையன் தெரியவில்லை, அந்த 25 தெரிந்தது.

எடையாவது மெஷினில் தெரியும். வயது விஷயம் வேறு. என் தலைமுறையில் டெல்டாக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். தாய் பெற்றது தையிலோ ஐப்பசியிலோ இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த தலைமையாசிரியர் பதிவேட்டில் எழுதியது ஜூன். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் எழுதப்பட்ட பொய் அது. பிறகு அதே பொய்யைக் காசுக்காகச் சொல்ல ஆரம்பித்தோம். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவு வந்ததும், பத்தாவது பெயிலான பையனை வேறு ஊரில் எட்டாவதில் சேர்ப்பது, தம்பியின் சான்றிதழில் அண்ணன் ஆடுவது எல்லாம் வந்தது. மீசையைச் சிரைத்துவிட்டு வந்த ஒரு "எட்டாம் வகுப்பு" என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

வயது மோசடிக்கென்று மத்திய அரசு 2010-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். அன்றைக்குக் காதைத் தொட்ட கை, இன்றைக்கு எக்ஸ்ரேயில். எலும்பும் ஒரு வருஷம் முன்னே பின்னே சொல்லக்கூடியதுதான். எமிஸ் எண்ணும் ஆதாரும் வந்தபின் பழைய தில்லுமுல்லு குறைந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதில் வேடிக்கை, இந்த மண்ணின் பெரிய பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் பக்கம் திருமலைசமுத்திரத்துக்காரர். 1975-இல் பிறந்தவர். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வயது 41. பிடி ஆள் முற்ற முற்றத்தான் தேறுவான்: எதிராளி எந்தக் காலில் பாரம் வைக்கிறான் என்று கண் பழக வருஷங்கள் ஆகும். இங்கே நாங்கள் பதினேழைப் பதினாலாக்க வெள்ளைத்தாளும் கையுமாக அலைந்துகொண்டிருந்தோம்.

காசு வைத்திருக்கும் பள்ளிகள் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஆளை வாங்கினால் போதும். குறுவட்டப் போட்டி முடிந்த வாரமே வேன் வரும். கட்டணம் கிடையாது, விடுதி இலவசம், தினம் முட்டை, வாரம் மூன்று நாள் கறி, ஷூ, மேட் தளம். வீட்டில் பழைய சோறும் பச்சைமிளகாயும் தின்று வந்தவனிடம் "போகாதே" என்று எந்த வாயால் சொல்ல? பலரை நானே அனுப்பிவைத்திருக்கிறேன். சிலர் நன்றாக வந்தார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. கிழிந்த ஜவ்வுக்கு விடுதியில் இடம் இல்லை; அரையாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனுக்கு டி.சி. தபாலில் வந்தது. ஒரு தடவை எனக்கும் கவர் நீட்டினார்கள், ஒரு நல்ல கார்னர் பையனுக்காக. வாங்கவில்லை. உடனே பெருமைப்படவும் முடியவில்லை, ஏனென்றால் திண்ணையில் இறங்கிய அரிசியை வாங்கியவன் நான்.

பள்ளிக்கூட ஆட்டத்தில் காசு புழங்குவது இங்கே மட்டுமில்லை. டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகன், பக்கத்து ஊர் ஆலனில் ஒரு பள்ளிக்கூடத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கைக் காட்டினான். 18,000 பேர் உட்காரலாம். 6 கோடி டாலர் செலவில் கட்டி 2012-இல் திறந்தார்கள். கான்கிரீட் விரிசல் விட்டதால் 2014-இல் மூடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவதற்கு! "மாமா, இங்க வெள்ளிக்கிழமை ராத்திரின்னா ஊரே அங்கதான்" என்றான். எங்கள் ஊர்த் திருவிழாக் கபடி ஞாபகம் வந்தது: டியூப்லைட், மூங்கில் தடுப்பு, மைக்கில் நாட்டாமை, ஜெயிக்கிற அணிக்கு ஊர்ப் பெரியவர் பெயரில் பணம், அதை ஜெயிக்க வெளியூரிலிருந்து பேட்டா கொடுத்துக் கூட்டிவந்த ஆள். அவர்களிடம் கான்கிரீட், நம்மிடம் மூங்கில். நடுவில் நிற்பது பதினாறு வயசுதான்.

அந்தச் சித்திரைக்குப் பிறகு ஒரே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு எடை பார்ப்பேன். ஒரு கிலோவுக்குள் கூட இருந்தால் வீட்டுச் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் இருந்தால் அந்தப் பிரிவில் ஆடவேண்டாம், மேல் பிரிவுக்குப் போ என்பேன். கடைசி நாளில் யாரும் மெஷினில் ஏறக்கூடாது. இதனால் எங்கள் பள்ளி தோற்ற போட்டிகளைத் தலைமையாசிரியர் தனியாக எழுதி வைத்திருந்தார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் எங்கள் நல்ல ரைடர் 57 இருந்தான். 55 கிலோப் பிரிவில் இந்த வருஷம் முடியாதுடா என்றேன். அழவில்லை. மறுவாரம் அவன் அம்மா வந்து டி.சி. கேட்டார். "அங்க எடை குறைச்சுவிடறேன்னு சொல்றாங்க சார்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

இறுதி ஆட்டத்தில் அவன் எங்களுக்கு எதிரே நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. ஏழு பாயின்ட் எடுத்தான். தோற்றோம். கை குலுக்கி முடிந்ததும், புதுப் பள்ளியின் ஆட்கள் போட்டோவுக்கு அழைக்க அழைக்க, அவன் நேராக எங்கள் பக்கம் வந்தான். பெஞ்சுக்கு அடியில் எங்கள் பையன்களின் மண்பானை இருந்தது. கேட்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சொம்பில் மொண்டு மூன்று தடவை குடித்தான்.