செத்துப்போனதாகச் சொன்ன பெட்டி



போன வாரம் நான் போட்ட களையெடுப்புப் பாட்டைக் கேட்டுவிட்டு, "சார், இது எங்க ஆயா குரல். இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று ஒரு பிள்ளை போனிலேயே அழுதுவிட்டாள். வைத்திருக்கிறேன் தாயி. அது எப்படித் தப்பிப் பிழைத்தது என்று சொல்லத்தான் இந்த நீளப் பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களில் எடப்புளி நாட்டில் வேலை பார்த்தபோது, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பதிந்தவை அந்தப் பாட்டுகள். தாலாட்டு, களையெடுப்பு, ஒப்பாரி. பாடியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. 2011இல் மகன் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தான். டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். நெட்வொர்க் வயரைச் சொருகிவிட்டால் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கலாம். நாஸ் என்பார்கள். இணையத்திலேயே போட்டு வைக்கலாமே என்று கேட்கிறவர்கள், ஐப்பசி மழையில் எங்கள் மலைக்கு வந்து ஒரு போட்டோ அனுப்பிப் பார்க்கட்டும்.

2018இல் புது லேப்டாப் வாங்கினேன். அதற்குப் பெட்டி கண்ணிலேயே படவில்லை. விசாரித்ததில் தெரிந்தது: பெட்டி பேசியது எஸ்எம்பி 1 என்ற பழைய பாஷை. அந்தப் பாஷையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று பாராமல் புகுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதுக் கம்ப்யூட்டர்களில் அதைத் தானாக நிறுவுவதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. சரியான முடிவுதான். பெட்டியைச் செய்த கம்பெனி அதற்குப் புதுப் பாஷை கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். "அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. டிஸ்க் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் செத்துவிட்டதாம்! பழைய லேப்டாப்பை வைத்தே ஆறு வருஷம் ஓட்டினேன். 2024இல் அதுவும் படுத்துவிட்டது.

அந்த ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தான் என் பழைய மாணவன் ஒருவன். பெங்களூரில் இப்படிப்பட்ட சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதுகிற வேலை. வந்தவன் முதலில் டிஸ்குகளைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்தான். பிறகுதான் பெட்டியைத் தொட்டான். "உள்ள ஓடறதும் லினக்ஸ்தான் சார். பழசு, அவ்வளவுதான். டெபியன் போட்டுடலாம்." டெபியன் 1993இல் தொடங்கிய இலவச, திறந்த மூல இயங்குதளம். 2011க்குப் பிறகு அரசு லேப்டாப் வாங்கிய பிள்ளைகளுக்கு, அதில் விண்டோசோடு பாஸ் என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கும். சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கியதுதான் அது.

"நகல்தான் எடுத்தாச்சே, பெட்டி எதுக்குடா?" என்றேன்.

"நல்லாத்தானே சார் இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்?"

போடுவது என்றால் சிடி போட்டு நிறுவுகிற மாதிரி இல்லை. பெட்டிக்குத் திரை இல்லை, கீபோர்டு இல்லை. எனக்குப் புரிந்தவரை இது பணிமாறுதல் மாதிரி. பாடத்திட்டம் அதேதான், பள்ளிக்கூடம் வேறு. புதுப் பள்ளியில் கரும்பலகை எங்கே, பீரோ சாவி யாரிடம் என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால்தானே தெரியும்? டிவைஸ் ட்ரீ என்று ஒரு சின்னக் கோப்புதான் இங்கே அந்தப் பதிவேடு. எந்தச் சிப், எத்தனை மெமரி, எந்தக் காலில் எந்த விளக்கு என்று அதில் எழுதியிருக்கும்.

இந்த வேலைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். லிங்க்சிஸ் நிறுவனம் 2004இல் என்எஸ்எல்யு2 என்று ஒரு குட்டிப் பெட்டி விற்றது. 32 எம்பி மெமரி, 8 எம்பி ஃபிளாஷ். ரசிகர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ஸ்லக், அதாவது ஓடில்லா நத்தை. மார்ட்டின் மிக்ல்மையர் என்பவரும் மற்ற தன்னார்வலர்களும் உழைத்து, 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4 அதில் முறையாக நிறுவும்படி செய்தார்கள். நெட்வொர்க் வழியாகவே பெட்டிக்குள் நுழைந்து நிறுவலாம். யாரும் கேட்காமல் செய்த வேலை, எத்தனை பெட்டிகளைக் குப்பைக்குப் போகாமல் தடுத்ததோ!

எங்கள் பெட்டியின் மூடியைத் திறந்து, போர்டில் இருந்த ஊசிக் கால்களில் மூன்று வயர் மாட்டினான். ஒன்று பேச, ஒன்று கேட்க, ஒன்று எர்த். லேப்டாப் திரையில் எழுத்து ஓடி "மார்வெல்" என்று வந்து நின்றது. சிப் செய்த கம்பெனியின் பெயராம். டெபியன் 12ஐ ஏற்றினான். ஏறியது, ஆனால் டிஸ்க் சுற்றவில்லை. ராத்திரி பதினோரு மணி வரை முட்டி மோதினான். டிஸ்குக்குக் கரண்ட் விடும் சுவிட்ச் சிப்பின் ஏதோ ஒரு காலில் இருக்கிறது, எந்தக் கால் என்பது பதிவேட்டில் இல்லை.

மறுநாள் காலையில் கிடைத்தது. கிடைத்த இடத்தைக் கேளுங்கள்: கம்பெனியே வெளியிட்ட மூல நிரலில்! பிரியப்பட்டு வெளியிடவில்லை. லினக்சை வைத்துப் பொருள் விற்கிறவர், கேட்பவருக்கு அதன் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. அதில் ஒரு வரியில் அந்தக் காலின் எண் இருந்தது. அதைப் பதிவேட்டில் சேர்த்தான். இரண்டு டிஸ்கும் உறுமிக்கொண்டு எழுந்தன. நான் காபி டம்ளரோடு நின்றவன், கொஞ்சம் கொட்டிவிட்டேன்.

இப்போது பெட்டி புதுப் பாஷை பேசுகிறது, லேப்டாப்பிலும் போனிலும் தெரிகிறது. இதுவும் நிரந்தரமில்லை என்று சொல்லிவிட்டான். லினக்ஸ் பெருத்துக்கொண்டே போக, சின்ன ஃபிளாஷ் உள்ள பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. ஸ்லக்கும் அப்படித்தான் போனது. எங்கள் பெட்டியின் சிப் வகைக்கு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13தான் கடைசி, அதுவும் ஏற்கனவே நிறுவியிருப்பவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு அதை வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். பரவாயில்லை. கம்பெனி தேதி குறித்த பிறகு கிடைத்த வருஷங்கள் இவை. நகலும் இரண்டு வீடுகளில் இருக்கிறது.

இன்னும் பதினொரு கேசட் ஏற்றாமல் கிடக்கிறது, என் டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்துவிட்டது. செம்மேடு, சோளக்காடு பக்கம் யார் வீட்டிலாவது ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.