எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது?

நம் இல்லத்துப் பெண்பிள்ளைகள் செவிலியர் படிப்பில் சேர்வதற்கே ஒரு காலத்தில் பெருந்தயக்கம் இருந்தது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த கூடாரத்தில் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். நம் வீட்டுப் பிள்ளை என்றதும் இரவுப் பணியைக் காட்டி மறுத்துவிடுவோம். அல்ஹம்துலில்லாஹ், அத்தயக்கம் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. படித்து முடித்தவளை எங்கே பணிக்கு அனுப்புவது என்பதே இப்போதைய கேள்வி.

என் தங்கை மகள் சென்ற ஆண்டு நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்திலும் பதிவு செய்துகொண்டாள். இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று, எங்கள் ஊரிலேயே நம்மவர் ஒருவர் நடத்தும் 40 படுக்கை மருத்துவமனை. மற்றது, மதுரையில் பல நூறு படுக்கைகள் கொண்ட பெரிய மருத்துவமனை. மைத்துனர் தம்மாமில் இருக்கிறார். ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பு தாய்மாமனான என்மீது விழுந்தது.

"காக்கா, நீங்க சொன்னா அவ கேட்பா. ஊரிலேயே இருக்கச் சொல்லுங்க" என்றாள் தங்கை. மகளோ, "மாமா, ரெண்டு இடத்தையும் ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளூர் மருத்துவமனைக்கு இஷாத் தொழுகைக்குப் பின் சென்றேன். பகலில் எந்த மருத்துவமனையும் நிறைவாகத்தான் தோன்றும். இரு தளங்களிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள் படுத்திருந்தார்கள். சீருடையில் இருவர் நின்றனர். பேச்சுக் கொடுத்தபோது, அவர்களில் ஒருவர் மட்டுமே பதிவு பெற்ற செவிலியர் என்று தெரிந்தது. மற்றவர் அங்கேயே சில மாதங்கள் பழகி ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண். அதை அவரே கள்ளமின்றிச் சொன்னார். பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. அதை அப்படியே கடைப்பிடிக்கும் தனியார் இடங்கள் குறைவு என்பதை நானும் அறிவேன். அதற்காக முப்பது உயிர்களை ஒருத்தியிடம் விட்டுவிடுவதா?

சம்பளம் 11,000 ரூபாய் என்றார்கள். தனியார் மருத்துவமனைச் செவிலியர் படும் பாடு குறித்து 2011இல் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் அளித்த உத்தரவின்படி ஒரு குழு அமைக்கப்பட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த இடங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே இருக்கிறது. அசல் சான்றிதழ்களையும் இரண்டாண்டுகளுக்கு ஒப்படைக்க வேண்டுமாம். நான் தயங்கியதும் நிர்வாகி, "நம்ம பிள்ளைதானே, போகப் போகக் கூட்டிக் கொடுப்போம்" என்றார். நம்ம பிள்ளை என்றால் குறைத்துக் கொடுக்கலாம் என்னும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவே இல்லை.

மதுரைக்கு அவளையும் அழைத்துச் சென்றேன். நர்சிங் கண்காணிப்பாளர் அம்மையார் எங்களை உட்கார வைத்துப் பேசினார். புதிதாகச் சேர்பவர்கள் முதல் மூன்று மாதம் ஒரு மூத்த சிஸ்டருடன்தான் பணி செய்ய வேண்டும். அதுவரை தனியே மருந்து கொடுக்க அனுமதி இல்லை. அசலைப் பார்த்துவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சம்பளம் 18,500 ரூபாய். விடுதி மருத்துவமனை வளாகத்திற்குள்ளேயே இருந்தது.

மருமகள் தலைத்துணியைப் பற்றித் தானே கேட்டாள். சேர்ந்த பிறகு கேட்டுச் சங்கடப்படுவதை விட முதலிலேயே கேட்டது நல்லது. தலைத்துணி அணியலாம், முனை தொங்காமல் உள்ளே செருகிவிட வேண்டும். ஆனால் நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே சட்டைக்கை, வளையல், கடிகாரம் எதுவும் கூடாது என்றார் அம்மையார். கையை எவ்வளவு கழுவினாலும், சட்டைக்கையின் விளிம்பு ஒரு படுக்கையின் கிருமியை அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோய்விடும் என்பது காரணம். பிரிட்டனில் இதே கேள்வி எழுந்தபோது, 2010இல் அந்நாட்டு நலவாழ்வுத் துறை ஒருமுறை அணிந்து எறியும் கையுறைகளுக்கு, அதாவது முன்கையை மூடும் உறைகளுக்கு, இடமளித்தது. அதைச் சொன்னேன். "வாங்கி அணியட்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும்; மற்ற நேரத்தில் கையை இறக்கி விட்டுக்கொள்ளட்டும்" என்று சம்மதித்தார். எனக்கு அது போதுமானதாகப் பட்டது. இதை மார்க்கத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஒரு தாய்மாமனின் முடிவு, அவ்வளவே.

மதுரைக்கே போகட்டும் என்றேன். தங்கை நான்கு நாட்கள் என்னுடன் பேசவில்லை. நம்மவர் இடம், வீட்டுச் சோறு, கண்ணெதிரே பிள்ளை என்று அவள் அடுக்கியவற்றில் பொய்யேதும் இல்லை. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் ஒருவரையும், சொட்டு மருந்து நின்றுபோன இன்னொருவரையும் ஒரே நேரத்தில் பார்க்க நேரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அருகில் யார் நிற்பார்? தவறு நேர்ந்தால் பதிவேட்டில் இருக்கும் கையொப்பம் அவளுடையது. ஊர்ப்பேச்சும் அவள் மீதே. நாளை வளைகுடாவுக்கு விண்ணப்பிக்க விரும்பினாலும், எந்தப் பிரிவில் என்ன செய்தாள் என்று காட்டும் அனுபவச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

இப்போது அறுவைச் சிகிச்சை வார்டில் இருக்கிறாள். முதல் மாதம் கால் வீங்கிப்போய் அழுதாள் என்று பிறகு அறிந்தேன். தங்கையின் மனம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஊறுகாயும் இடியாப்ப மாவும் மட்டும் மாதந்தோறும் மதுரைக்குப் போகின்றன.

சென்ற வாரம் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர், மகள் மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ முடிக்கப்போவதாகவும் அதே உள்ளூர் மருத்துவமனையில் கூப்பிடுவதாகவும் சொல்லி, என் கருத்தைக் கேட்டார். இரவில் ஒருமுறை போய்ப் படுக்கைகளை எண்ணிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.