பால் கறக்க உட்கார வேண்டுமே!

ஒரத்தநாடு பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும் விவசாயி அவர். வயது 54. வாய்க்கால் கரையில் பைக் சரிந்து, வலது தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து எலும்புக்குள் ராடு வைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் ராஜ உபசாரம். காலை அசைத்தால் ராடு கழன்றுவிடும் என்று யாரோ சொல்ல, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கவைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'தினமும் பயிற்சி' என்று ஒரு வரி இருந்தது. யாரும் படிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடிக்கொண்டிருந்தது. ஆனால், முழங்கால் 40 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. தொடைச் சதையும் வற்றிப்போயிருந்தது.

"அதான் வாக்கர் புடிச்சு நடக்கிறேனேம்மா, போதாதா?" என்றவரிடம், "மாட்டுல பால் யாருங்கய்யா கறப்பா?" என்று கேட்டார் பிசியோதெரபிஸ்ட்.

நியாயமான கேள்வி. நடப்பதற்கு முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 வேண்டும். குத்தவைத்து உட்கார சுமார் 120-ஐத் தாண்ட வேண்டும். மேஜை வேலை பார்ப்பவர் 90 டிகிரியில் சமாளித்துவிடுவார். களை எடுப்பவர், பால் கறப்பவரால் முடியாது.

முதல் வேலையாகத் தலையணையை எடுக்கச் சொன்னார். அது முழங்காலை முழுதாக நீட்டவிடாமல் இறுக்கிவிடும். பிறகு பயிற்சிகள். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க அது உதவும். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து எண்ணும் வரை கீழே அழுத்த வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அடுத்தது, குதிகாலுக்கு அடியில் பாலித்தீன் பை போட்டு, கட்டிலில் காலை மெதுவாக இழுத்து மடக்குவது. இழுக்கிற வலி இருக்கத்தான் செய்யும். மறுநாளும் வீக்கம் வற்றவில்லை என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை மட்டும் எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் அது மாறும்.

எண்ணெய் தேய்த்து ஒரே நாளில் மடக்கிவிடும் வைத்தியரிடம் கூட்டிப்போக மைத்துனர் கிளம்பினார். மனைவி விடவில்லை. நல்லதாகப் போயிற்று. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பீடியும் எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். அதை விடுவதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைக்கக் கட்டுப்படியாகவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொண்டார்கள்.

இப்போது ஐந்தாவது மாதம். முழங்கால் 105 டிகிரி மடங்குகிறது. குட்டை முக்காலி போட்டு ஒரு மாட்டில் கறக்கிறார். இன்னொன்று உதைக்கிற மாடு. அதை மனைவிதான் கறக்கிறார்.