காத்து நிற்றல்

போர் என்னும் சொல்லைக் கேட்டவளவிலே நம் உள்ளம் பாய்தலையும் எறிதலையும் வெல்லுதலையுமே எண்ணுகின்றது. நிற்றலும் போரின் ஒரு கூறே என்பதை யான் நெடுநாள் அறிந்திலேன். அதனை எனக்கு முதலில் அறிவுறுத்தியது ஒரு கணினி விளையாட்டு. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் கல்லூரி மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுவதோ எனச் சிலர் நகைக்கலாம். முற்றும் படித்த பின்னர் நகைக்குமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

எம்மூர் திருத்தங்கல், சிவகாசிக்கு அணித்தாயது. சங்க காலத்திலே தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் முதலிய புலவர்களைப் பெற்ற ஊர். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் பேசப்படும் ஊர். குன்றின்மேல் கோயில்கொண்ட பெருமாளுக்கு நின்ற நாராயணன் என்பது பெயர். யான் கிறித்தவனாயினும் அக்குன்றை நோக்கியே வளர்ந்தவன். அப்பெயரை நாள்தோறும் கேட்டும், நிற்றல் என்பதனை ஒரு செயலாக யான் ஒருபோதும் எண்ணியதில்லை.

என் தந்தையார் பட்டாசு ஆலையொன்றில் கணக்கர். பெரியப்பா சிவகாசியில் சிறியதோர் அச்சகம் நடத்துகின்றார். விடுமுறை நாள்களில் அவர் இல்லஞ்சென்று அவர் மகனாகிய அண்ணனுடன் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பகுதியை ஆடுவது என் வழக்கம். 1999-இல் முதலில் வெளிவந்த அவ்விளையாட்டு, 2019-இல் புதுப்பிக்கப்பெற்றது. 2022-இல் இந்திய அரசகுலங்களைப் பற்றிய பகுதியும் அதனோடு சேர்ந்தது. அதன்கண் தென்னாட்டார் திராவிடர் என்னும் பெயரால் வருகின்றனர். இராசேந்திர சோழனுடைய படையெடுப்புக்களும் உள. சுருள்வாள் ஏந்திய காலாட்களைக் கண்ட நாளன்று எனக்கு உறக்கமே வரவில்லை.

இவ்விளையாட்டில் படைவீரர்க்கு நால்வகை நிலைகள் உண்டு. முதலாவது தாக்கும் நிலை: கண்ணிற்பட்ட பகைவனை எத்துணைத் தொலைவாயினும் துரத்திச் செல்லுதல். இரண்டாவது காக்கும் நிலை: அணுகிய பகைவனைச் சிறிது தூரமே துரத்திப் பின் தன் இடத்திற்கே மீளுதல். மூன்றாவது நின்ற நிலை: அடி பெயராது, கைக்கு எட்டியவனை மட்டும் எதிர்த்தல். நான்காவது தாக்கா நிலை: அடிபடினும் திருப்பி அடியாமை. இந்நான்காவது எதற்கு என்பது எனக்கு விளங்கவேயில்லை.

யான் எப்பொழுதும் முதல் நிலையிலேயே படையை விடுவேன். ஒரு நாள் அண்ணன் குதிரை வில்லாளன் ஒருவனை மட்டும் என் எல்லைக்கு அனுப்பினார். அவன் ஓர் அம்பு எய்துவிட்டு ஓடினான். என் படை முழுதும் அவன் பின்னே ஓடியது. அண்ணனுடைய கோட்டை அம்புமாரியில் முழுதும் மடிந்தது. காவலற்ற என் ஊருள் அவர் படை நடந்தே வந்தது. “தம்பி, உன் ஆட்கள் வீரமில்லாமல் சாகவில்லை, திரும்பி வரத் தெரியாமல் செத்தார்கள்” என்றார் அண்ணன்.

இது விளையாட்டில் மட்டும் நிகழ்வதன்று. 1066-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், இங்கிலாந்து மன்னன் ஹெரால்டின் வீரர்கள் ஹேஸ்டிங்ஸ் அருகே ஒரு மேட்டின்மேல் கேடயத்தோடு கேடயம் சேர்த்து மதில்போல் நின்றனர். நின்றவரையில் நார்மானியர் குதிரைப்படை அம்மதிலைப் பிளக்க இயலவில்லை. நார்மானியர் பின்வாங்கி ஓடக் கண்டு சிலர் மேட்டைவிட்டு இறங்கித் துரத்தினர். துரத்தியவர் சூழப்பட்டு மாண்டனர். அன்று மாலைக்குள் ஹெரால்டும் வீழ்ந்தான்.

நம் முன்னோர் இந்நிலைகளைப் பூவின் பெயரால் பகுத்து வைத்தமை வகுப்பில் புறப்பொருள் இலக்கணம் பயின்றபோது என் நினைவிற்கு வந்தது. பிறர் மண்மேற் செல்வது வஞ்சி. கவர்ந்த ஆநிரையை மீட்டு மீளுவது கரந்தை. மதிலைக் காத்து நிற்பது நொச்சி. தொல்காப்பியர் கரந்தையை வெட்சியுள்ளும் நொச்சியை உழிஞையுள்ளும் அடக்கினார். ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் அவ்விரண்டையும் தனித்திணைகளாக்கினார். காத்தலும் தனக்கெனப் பூவும் பெயரும் உடைய வீரமே என்று யான் கொண்டேன்.

ஆயினும் அடைத்துக் கிடத்தல் வேறு, காத்தல் வேறு. நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளே இருந்தான். யானைகள் பசியாற் பிளிறின. பாலின்றிக் குழவிகள் அழுதன. கோவூர் கிழார் அவனிடஞ் சென்று, அறமுடையையாயின் கோட்டையைக் கொடுத்துக் கதவைத் திற, மறமுடையையாயின் போர்செய்யத் திற, இரண்டுமின்றி ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்று இடித்துரைத்தார். யாரைக் காக்க நிற்கின்றோம் என்பதை மறந்தவன் நிற்பவன் அல்லன் என்பதே அப்பாட்டால் யான் உணர்ந்தது.

இவ்வளவும் கற்றேன், ஏட்டோடு கற்றேன். அண்ணனுடைய திருமண உறுதி நாளில் உறவினர் நடுவே பெரியப்பா, “தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய்? அச்சகத்திற்கு வந்திருந்தால் ஒரு தொழிலாவது கற்றிருப்பாய்” என்றார். அதற்கு ஒரு மறுமொழி போதும். யான் அதனோடு மீளவில்லை. அவர் அச்சிடும் தாள்களில் உள்ள பிழைகளைச் சொன்னேன், பின்னும் துரத்திச் சென்று, “பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்களுக்குத் தமிழின் அருமை எப்படித் தெரியும்?” என்றேன். அவர் ஒன்றும் கூறாது எழுந்து சென்றார். என் தந்தையைப் படிக்கவைப்பதற்காகவே அவர் பள்ளியை விட்டவர். என் முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்தியவரும் அவரே. இரண்டையும் யான் அறிந்திருந்தேன்.

வீடு வந்து சேரும்வரை தந்தையார் பேசவில்லை. பின்னர், “ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுவது எதற்கு, தெரியுமா? ஓர் அறையில் பிடித்த தீ அந்த அறையோடு நிற்க வேண்டும். நீ அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டாய்” என்று மட்டும் கூறினார்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் பெரியப்பா வீட்டார் எம் இல்லத்திற்கு வரவில்லை. அவர்களுக்கென எடுத்துவைத்த பலகாரத்தை அம்மா மாலை வரையில் மூடியே வைத்திருந்தார். புத்தாண்டு நாளன்று யானே அதனையொத்த ஒரு தூக்கு நிறையப் பலகாரம் எடுத்துக்கொண்டு சிவகாசி சென்றேன்.

வழியில் அந்நான்காம் நிலையின் பயன் விளங்கிற்று. விளையாட்டில் கல்லெறி பொறிகளை அந்நிலையில் நிறுத்துவதுண்டு. அவை வீசும் கல் அருகில் நிற்கும் தம்மவர்மேலும் விழுமாகலின். என் நா அத்தகைய பொறி.

“மன்னித்துக்கொள்ளுங்கள், பெரியப்பா” என்று வாயிலில் நின்றேன். அவர் பேசினார். நெடுநேரம் பேசினார், சில சொற்கள் சுட்டன. ஒன்றற்கும் யான் விடை கூறவில்லை. முடிவில் உள்ளே சென்று, அண்ணனுடைய திருமண அழைப்பிதழின் மெய்ப்புத் தாளைக் கொணர்ந்து என் கையில் கொடுத்தார். “பிழை இருக்கிறதா பார். நீதானே தமிழ் படிக்கிறவன்” என்றார்.

இரண்டு ஒற்றுப் பிழைகள் இருந்தன. மெல்லக் காட்டினேன்.